நான் திறக்காத பாத்திரம்

ஜன்னலைக் கொஞ்சம் மூடிக்கொள்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். காதுக்குள் காற்றுப் போனால் எனக்குத் தலை கனத்துவிடும். பெரியகுளம் தாண்டும் வரைக்கும்தான். அப்புறம் வெயில் ஏறிவிடும், நீங்களே மூடச் சொல்வீர்கள்.

கோயம்புத்தூர்தானே? நானும் அங்கேதான். தேனியில் போர்டைப் பார்த்துத்தான் ஏறினேன். தமிழில் இல்லாமல் இங்கிலீஷில் மட்டும் போட்டிருந்தாலும் கூட்டிப் படித்துவிடுவேன். ஆறாவது வரைக்கும் போனவள். அதற்குமேல் போகவில்லை, ஏலக்காய் பொறுக்கப் போய்விட்டேன். எனக்கு ஊர் போடி. முப்பத்தைந்து வருஷமாக அதே கொட்டகை, அதே பலகை. என் கையை முகர்ந்து பாருங்கள், எந்தச் சோப்புக்கும் போகாது.

மகளைப் பார்க்கப் போகிறேன். பார்த்து நாலு மாசமாகிறது. தமயந்தி என்று பெயர். என் பெயர் பவுன்தாய். என் பெயரை மாதிரி இல்லாமல் நல்ல பெயராக இருக்கட்டும் என்று நானே தேடி வைத்தேன். கம்ப்யூட்டர் வேலை.

என்ன வேலை என்று கேட்டால் மற்ற அம்மாக்கள் அதோடு நிறுத்திக்கொள்வார்கள். நான் அப்படி இல்லை. என் மகள் என்ன செய்கிறாள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் சொல்கிறேன், இன்னும் அஞ்சு மணி நேரம் இருக்கிறதே.

ரெண்டு வருஷம் அவள் வீட்டிலிருந்தே வேலை செய்தாள். டி.வி. பக்கத்தில் ஒரு மேசை, அதன்மேல் அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி. நான் சாயங்காலம் கொட்டகையிலிருந்து வந்தால் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். சாப்பிட்ட தட்டு அங்கேயே காய்ந்துகிடக்கும். ஒருநாள் எனக்குத் தாங்கவில்லை.

"எப்பப் பாத்தாலும் அதையே மொறச்சுக்கிட்டு இருக்கியே, அப்படி என்னதான்டி பண்ற?"

"பஃபர்மா."

"அப்படின்னா?"

"சொன்னாப் புரியாதும்மா."

"ஒனக்கு 'அ' போடக் கத்துக்குடுத்தவ நானு. சொல்லு, புரியுதா இல்லையான்னு பாப்போம்."

சிரித்துவிட்டாள். எழுந்து அடுப்படிக்குப் போய் அண்டா, குண்டான், செம்பு மூன்றையும் எடுத்துவந்து, என்னை இழுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் தயாராகிறபோது எழுத்தெல்லாம் குழாய்த் தண்ணீர் மாதிரி வந்துகொண்டே இருக்குமாம். சும்மா விட்டால் நேரே திரைக்குப் போய்விடுமாம். சில நேரம் உடனே போகக் கூடாது. கீழே என்ன வரப்போகிறது என்று தெரிந்த பிறகுதான் மேலே எழுத வேண்டியிருக்கும். அப்போது குழாய்க்குக் கீழே ஒரு பாத்திரத்தை வைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பாத்திரத்துக்குப் பெயர்தான் பஃபர்.

அண்டாவை வைத்தாள். அண்டாவுக்குள் குண்டானை வைத்தாள். குண்டானுக்குள் செம்பு.

"இப்பத் தண்ணி எதுலம்மா விழும்?"

"செம்புல."

"செம்ப எடுத்துட்டா?"

"குண்டான்ல."

"எடுத்த செம்புல இருக்கற தண்ணிய என்ன பண்ணலாம்?"

"குண்டான்ல ஊத்தலாம். வேண்டாம்னா கீழ கொட்டலாம்."

"குண்டான எடுத்துட்டு செம்ப மட்டும் அந்தரத்துல நிக்க வைக்க முடியுமா?"

"லூசாடி நீ? கடைசியா வச்சதத்தான் மொதல்ல எடுக்கணும்."

"அவ்வளவுதாம்மா. நீ வேலைக்கு வரலாம்."

"இதுக்குத்தான் நாலு வருசம் காலேஜு போனியா?" என்றேன். சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு, ரெண்டு பேருக்கும். அவள் அப்பா தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற ஜீப் ஓட்டுகிறவர். அப்போதுதான் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். "பாத்திரம் விளக்கவா இத்தனை கும்மாளம்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இந்தக் கவர் உங்கள் மடியிலிருந்து நழுவிக்கொண்டே இருக்கிறது பாருங்கள். ஸ்கேன் கவர் மாதிரி இருக்கிறது. கொடுங்கள், மேலே வைத்துவிடுகிறேன். பத்திரமாக இருக்கும். அட, கொடுங்கள்.

ஆமாம், எங்கே விட்டேன்? செம்பு. அவள் செய்தது என்னவென்றால், இந்தப் பாத்திரம் வைத்து எடுக்கிற வேலையை ஒரு தொகுப்பாக எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் விட்டிருந்தாள். ஊர் பேர் தெரியாதவர்கள் எல்லாம் அதை எடுத்துத் தங்கள் வேலைக்கு நடுவில் சொருகிக்கொள்வார்களாம். அங்கேதான் சூட்சுமம். அடுத்தவர் ஏற்கெனவே ரெண்டு பாத்திரம் வைத்திருப்பார். அவருடைய பாத்திரத்துக்குள்தான் இவள் எழுதினது போய் உட்காரும். அதனால் நுழையும்போதே எத்தனை இருக்கிறது என்று எண்ணிக்கொள்ள வேண்டும். வெளியே வரும்போது தான் வைத்ததை மட்டும் எடுத்துக்கொண்டு, அதே எண்ணிக்கையில் விட்டுவிட்டு வர வேண்டும்.

எனக்கு இது உடனே புரிந்தது. எங்கள் கொட்டகையிலும் அதுதான் சட்டம். ஒவ்வொருத்திக்கும் முன்னால் ஒரு தாம்பாளம், அதற்குள் வெடித்த காய்க்கு ஒரு டப்பா, டப்பாவுக்குள் கறுத்த காய்க்கு ஒரு கிண்ணம். நிறைந்தாலும் சரி, பாதியாக இருந்தாலும் சரி, அவளவள் கிண்ணத்தை அவளவள்தான் கவிழ்க்க வேண்டும். மேஸ்திரியே தொட மாட்டார். ஒருதடவை பக்கத்துப் பலகை மாரக்காள், கூட்டுகிறேன் பேர்வழி என்று என் கிண்ணத்தை எடுத்துக் குப்பைச் சாக்கில் கொட்டிவிட்டாள். "காலியாக் கெடக்கட்டும்னு நெனச்சேன் பவுனு" என்றாள். காலியாகக் கிடக்கட்டுமாமே! அது யார் பொறுக்கினது? அவளோடு மூணு மாசம் பேசவில்லை நான்.

என்ன, நீங்கள் எதற்காகக் கோயம்புத்தூர் போகிறீர்கள் என்றா? இருங்கள், இருங்கள். இதை முடித்துவிடுகிறேன். இல்லையென்றால் விட்ட இடம் மறந்துபோகும். வத்தலக்குண்டு வந்துவிட்டது பாருங்கள். இங்கே பூ நன்றாக இருக்கும், இறங்கி வாங்கத்தான் நேரமில்லை.

போன ஐப்பசியில்தான் எல்லாம் ஆரம்பித்தது. தூத்துக்குடியிலிருந்து ஒருத்தன் இவளுக்கு ஒரு புகார் எழுதினான். ஜெரால்டு என்று பெயர். கடலுக்குப் போகிறவர்கள் பார்க்கிறதுக்கு ஒரு பக்கம் செய்து வைத்திருக்கிறான், காற்று எப்படி, அலை எவ்வளவு உயரம் என்று. அதில் இவளுடைய தொகுப்பை வைத்திருக்கிறான். ஒருநாள் காலையில் பக்கம் மொத்தமும் வெள்ளை. ஒரு எழுத்து இல்லை. வலையும் ஐஸுமாகப் படகில் ஏறப்போனவர்கள் போனைக் காட்டி என்னப்பா இது என்று இவனைப் பிடித்துக்கொண்டார்கள். பார்த்தால், உள்ளே எங்கேயோ ஒரு ஓரத்தில் அலை உயரம் வரவில்லை. ஒரே ஒரு வரி. அதற்காக முழுப் பக்கத்தையும் தூக்கிக் கொட்டியிருக்கிறது.

அவன் எழுதினதைத் தமயந்தி எனக்குப் படித்துக் காட்டினாள். கோபத்தில் மூக்கு சிவந்திருந்தது. "உங்க புரோகிராம் விருந்தாளி மாதிரி வந்துச்சுங்க. போகும்போது எங்க அடுப்புல இருந்த சோத்தையும் கொட்டிட்டுப் போயிருச்சு" என்று எழுதியிருந்தான்.

"எவ்வளவு கொழுப்பும்மா இவனுக்கு. தப்பு அவன்கிட்டதான் இருக்கும்" என்றாள்.

"பின்ன? ஒங்கிட்டயா இருக்கும்?" என்றேன். பெற்றவள் வேறு என்ன சொல்வேன்?

மூணு நாள் சோறு இறங்கவில்லை அவளுக்கு. நாலாம் நாள் காலையில் அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"தப்பு என்மேலதாம்மா. நடுவுல ஏதாவது கோளாறு வந்துட்டா, வெளிய எத்தனை பாத்திரம் இருந்தாலும் எல்லாத்தையும் காலி பண்ணிருன்னு நானே எழுதி வச்சிருக்கேன். சுத்தமா இருக்கட்டும்னு."

"சுத்தமா இருக்கட்டும்னு நெனச்சது ஒரு தப்பாடி?"

"அது எம் பாத்திரம் இல்லையேம்மா."

அவளுக்குத் தன் தப்பை ஒத்துக்கொள்ளத் தெரியும். அந்தக் குணம் யாரிடமிருந்து வந்தது என்று தெரியவில்லை, அவள் அப்பாவாக இருக்கும். திருத்தினாள். அவனுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினாள். அவன் நன்றி எழுதினான். நன்றிக்கு இவள் பரவாயில்லை எழுதினாள். பரவாயில்லைக்கு அவன் ஒன்று எழுதினான். எத்தனை நாளைக்குத்தான் ஒரு பரவாயில்லை ஓடும்? கார்த்திகை வந்தபோது போனில் பேச்சு. காதில் ஒயரை மாட்டிக்கொண்டு சிரிப்பாள். "யாருடி?" என்றால் "வேலைம்மா" என்பாள். முப்பத்தைந்து வருஷமாக நானும் வேலை செய்கிறேன், ஒருநாளும் அப்படிச் சிரிப்பு வந்ததில்லை.

நானாகக் கேட்கவில்லை. நான் அப்படித் துருவுகிறவள் இல்லை. கம்பத்திலிருந்து ஒரு வரன் வந்திருந்தது, அதைச் சீக்கிரம் வரச் சொன்னேன். அவ்வளவுதான் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். பத்து மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு ஒன்பதரைக்கே தெருமுனையில் கார். இவள் உள்ளே சேலை கட்டிக்கொண்டிருக்கிறாள். கேசரி அடுப்பில். முன்னறையில் பார்த்தால் மேசைமேல் அந்தப் பெட்டி பப்பரப்பே என்று திறந்து கிடக்கிறது. வருகிறவர்கள் கண்ணில் முதலில் அதுவா பட வேண்டும்? மூடலாம் என்று போனேன். மூலையில் இருக்கிற பெருக்கல் குறியைத் தொட்டால் மூடிக்கொள்ளும் என்று அவள்தான் எனக்குக் காட்டியிருக்கிறாள். ஒன்றின்மேல் ஒன்றாக நாலைந்து திறந்து வைத்திருந்தாள். மேலே இருந்தது ஏதோ பாட்டு. அதை மூடினேன். அதற்கடியில் அவள் வேலை, அதை மூடினேன். கடைசியாகத் திறந்ததை முதலில் என்று அவள் சொல்லிக்கொடுத்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக மூடினேன். எல்லாவற்றுக்கும் அடியில் தமிழில் ஒரு கடிதம் இருந்தது.

'அம்மா, இதை உன்கிட்ட நேர்ல சொல்ல எனக்கு வரல' என்று ஆரம்பித்திருந்தாள்.

அந்த ஒரு வரிதான் பார்த்தேன். வாசலில் கார்க் கதவு சாத்துகிற சத்தம். குறியைத் தொட்டேன். ஏதோ கேட்டது. கட்டம் கட்டமாக இங்கிலீஷில் கேட்டது. எனக்கு எங்கே இங்கிலீஷ் தெரியும்? கைக்கு வந்ததைத் தொட்டேன், போய்விட்டது. அவ்வளவுதான் நடந்தது. இதில் என் தப்பு என்ன இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

வந்தவர்கள் கேசரி சாப்பிட்டார்கள். இவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். அப்புறம் சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள் இன்றைக்குவரை சொல்லி அனுப்பவில்லை. அதை விடுங்கள்.

அவர்கள் போன பிறகு சேலையோடு வந்து பெட்டியைத் திறந்தாள்.

"யாரும்மா இதெல்லாம் மூடுனது?"

"நாந்தேன். ஆளுக வர்றாகள்ல."

"சேவ் பண்ணவான்னு கேட்டிருக்குமே."

"கேட்டுச்சு. என்னமோ கேட்டுச்சு. எனக்கு என்ன தெரியும்?"

கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து, ரொம்ப மெதுவாகக் கேட்டாள்: "உள்ள ஒரு வரி பிடிக்கலைன்னா மொத்தத்தையும் கொட்டிருவியாம்மா?"

எந்த வரி? நான் எந்த வரியைப் பார்த்தேன்? படிக்கவே இல்லை என்கிறேன், பிடித்தது பிடிக்காதது எங்கிருந்து வந்தது? சொன்னேன். மூணாம் நாள், கம்பெனியில் கூப்பிடுகிறார்கள் என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு கோயம்புத்தூர் போய்விட்டாள். நாலு மாசமாகப் போனில் என்ன பேச்சு தெரியுமா? சாப்பிட்டியா என்றால் ம். மழையா என்றால் ம். உடம்பு சரியில்லையா என்றால் அதற்கும் ம். சரியில்லை என்று ம்-மா, சரியாக இருக்கிறது என்று ம்-மா? தலையைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அந்தப் பையனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. வேதக்காரன், கிறிஸ்தவன் என்று பெயரிலேயே தெரிகிறது. மற்றபடி யாரோ எவனோ. அவன் அம்மா தோசைக்கு உளுந்து கூடுதலாகப் போடுவாளாம், ஒருதடவை அவனிடம் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டாளாம், அதைத் தின்னும்போது இவளுக்கு என் ஞாபகம் வந்து அழுகை வந்துவிட்டதாம். நான் போடுகிற உளுந்துக்கு என்ன குறைச்சல் என்று...

என்ன பார்க்கிறீர்கள்?

யாரோ சொன்னார்கள். ஊரில் யாராவது சொல்லத்தானே செய்வார்கள்.

பழனி தாண்டிவிட்டோமா? மலை தெரிந்ததே, கும்பிடக்கூட மறந்துவிட்டேன் பாருங்கள். வாய் ஓய்ந்தால்தானே.

சரி. படித்தேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, நீங்கள் யாரோ நான் யாரோ. பஸ் போர்டையே கூட்டிப் படிக்கிறவள் அந்தக் கட்டத்தைப் படிக்க மாட்டேனா? மூன்று கட்டம் இருந்தது. வை என்று ஒன்று, வைக்காதே என்று ஒன்று, வேலையை நிறுத்து என்று ஒன்று. மூன்றையும் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத்தான் நடுவில் இருந்ததைத் தொட்டேன். கேசரி அடிப்பிடித்த வாசம்கூட வந்தது. அதையும் விட்டுவிட்டு நின்று படித்தேன்.

கடிதம் பெரிசு இல்லை. ஒரு பக்கம் இருக்கும். ஜெரால்டு பெயர் நாலு இடத்தில் வந்தது. என் பெயர், அம்மா அம்மா என்று, எண்ணவில்லை, பதினஞ்சு இருபது இடத்திலாவது வந்திருக்கும். அப்போது என் கண்ணுக்கு அந்த நாலுதான் தெரிந்தது. கடைசியில் இப்படி எழுதியிருந்தாள்: 'நீ கோபப்படுவேன்னு தெரியும்மா. கோபப்பட்டுக்கோ. ஆனா அதுக்கு முன்னாடி நீ'

அதோடு நின்றுவிட்டது. சேலை கட்டக் கூப்பிட்டிருந்தேன் அல்லவா, பாதியில் எழுந்து போயிருக்கிறாள். அந்த 'நீ'க்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு வந்து வந்து மறைந்துகொண்டிருந்தது, அடுத்த எழுத்துக்காக. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அதற்கு முன்னாடி நீ, என்ன? நாலு மாசமாக இதுதான் எனக்கு. காய் பொறுக்கும்போது அதுதான், உலை வைக்கும்போது அதுதான். நீ அவனை வந்து பாரு என்று இருக்குமோ? நீ அப்பாவிடம் சொல்லு என்றா? நீ நல்லா யோசி என்றா? ஒருநாள் நீ ஒழிந்துபோ என்றுகூட நினைத்துப் பார்த்தேன். அவள் அப்படி எழுத மாட்டாள். இருந்தாலும் நினைத்துப் பார்த்தேன். கேட்டுவிடலாம் என்றால் எப்படிக் கேட்பேன்? முதல் வரிக்குமேல் படிக்கவில்லை என்று சாதித்தவள், கடைசி வரியில் என்ன எழுத வந்தாய் என்று எந்த வாயால் கேட்பேன்? மாரக்காளாவது கொட்டினதை ஒத்துக்கொண்டாள்.

நேற்றுக் காலையில் அவளே கூப்பிட்டாள்.

"அம்மா, நாளைக்கு வர்றியா? உன்கிட்டப் பேசணும்."

"ஏன்டி, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். எழுதி வச்சாத்தான் போயிருதே, நேர்லயே சொல்றேன். ஆனா ஒண்ணு. நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் நீ நடுவுல பேசக் கூடாது. முடியுமா?"

"முடியும்டி."

"உன்னால முடியாதும்மா."

"முடியும்ங்கறேன்ல."

"சரி, அப்ப பஸ் ஸ்டாண்டுக்கு நானும்..." என்று ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் நான், அங்கே குளிக்கத் தண்ணீர் வருகிறதா, உப்புத் தண்ணீரா என்று கேட்டுவிட்டேன். "வாம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

நானும் என்று எதற்குச் சொன்னாள்? நானும் வரேன் என்றா? நானும் அவனும் என்றா? பாருங்கள், இன்னொரு பாதி வரி. ஒன்றுக்கே நாலு மாசமாக விடை இல்லை.

ரெண்டு பேரும் நின்றாலும் நிற்கட்டும். எனக்கு அதுகூட இப்போது பெரிசாகத் தெரியவில்லை தங்கச்சி, களைத்துப் போய்விட்டேன். அவள் வாயைத் திறந்து முடிக்கிற வரைக்கும் நான் சும்மா இருக்க வேண்டும். அந்த 'நீ'க்கு அப்புறம் என்ன என்று அவள் வாயால் வர வேண்டும். நடுவில் நான் ஒரு உப்புத் தண்ணீரைக் கேட்டுவிட்டேன் என்றால் போச்சு. இனி ஒருதடவை எழுதவும் மாட்டாள், சொல்லவும் மாட்டாள். ம் மட்டும்தான் மிச்சம்.

என்னால் முடியுமா என்று பயமாக இருக்கிறது. தேனியிலிருந்து இதுவரைக்கும் நான் வாயை மூடினேனா என்று எனக்கே...

இல்லையே. மூடவே இல்லையே.

பொள்ளாச்சி போய்விட்டது, அல்லவா? உக்கடம் இன்னும் அரை மணி நேரம் இருக்குமா? இந்தாருங்கள், ஜன்னலைத் திறந்துவிடுகிறேன். நான் ஏறும்போது நீங்கள் திறந்துதான் வைத்திருந்தீர்கள். எனக்குத் தலை கனத்தால் கனக்கட்டும். கொஞ்சம் நகருங்கள், உங்கள் கவரை எடுத்துத் தருகிறேன். நீங்கள் மடியில்தான் வைத்திருந்தீர்கள், நான்தான் பிடுங்கி மேலே வைத்தேன். ரெண்டு மூணு தடவை அண்ணாந்து பார்த்தீர்கள், நானும் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். மடங்கவில்லை, நல்லவேளை. இந்தாருங்கள்.

வத்தலக்குண்டில் ஏதோ சொல்ல வந்தீர்கள். 'நான் எதுக்குக் கோயம்புத்தூர் போறேன்னா' என்று ஆரம்பித்தீர்கள். நான் விடவில்லை. அங்கே ஆரம்பித்தது இத்தனை நேரமும் உங்களுக்குள்ளேயே இருந்திருக்கும்.

சொல்லுங்கள். யாருக்கு ஸ்கேன்? உங்களுக்கா? ஆஸ்பத்திரிக்குத் தனியாகவா போகிறீர்கள், வீட்டுக்காரர் வரவில்லையா, என்ன மனுஷன் அவர், இப்படியா ஒரு பொம்பளையைத் தனியாக...

இல்லை. இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். நான் பேசவில்லை.

நீங்கள் சொல்லுங்கள். மெதுவாக, முதலிலிருந்து.